வெள்ளிக்கிழமைக் காலை டேப்

நவம்பர் 13, புதன்
தானியக் கிட்டங்கி, மூன்றாம் கூடம்

அம்மாடிக்கு மாமா சொல்ல, தையல்காரி எழுதுவது.

தேதியையும் கிழமையையும் அவளே போட்டுவிட்டாள். வருஷம் என்ன என்று என்னைக் கேட்கிறாள். எண் போட்ட வருஷம் எனக்குத் தெரியாது. பாலத்துக்கு நடுத்தூணை மட்டும் நட்டுவிட்டு ஒப்பந்தக்காரர் காணாமல் போனாரே, அந்த வருஷம். சினிமாக் கொட்டகையில் திரை தீப்பிடித்து எரிந்தபோது, அதுவும் படத்தில் வருகிறது என்று ஜனம் கைதட்டிய வருஷம். என் செவலைப் பசு இரட்டைக் கன்று போட்டது. அச்சகத்து மாடியில் உங்கள் வானொலி நிலையம் ஆரம்பித்து நீ முதல்முதலாக வாசித்ததும் அதே வருஷம்தான். ஒரே மாதத்தில் ஆறு இரண்டு தடவை ஊருக்குள் வந்ததும் அதே வருஷம்.

"இந்த வருஷம்னு சொன்னா முடிஞ்சு போச்சு, இதுக்கு ஏன் பெரியவரே இவ்வளவு சுத்து?" என்கிறாள். இந்த வருஷம்தான். எப்போதோ நடந்து முடிந்த மாதிரி இருக்கிறது, அதனால் அப்படிச் சொல்லிவிட்டேன்.

நான் இருக்கிறேன். காலில் ஒரு வெட்டு, அது ஆறிவிட்டது. மாடுகள் ஒன்றும் இல்லை. இந்தக் கூடத்தில் நம் ஆற்றோரத் தெருவில் மிச்சமானவர்களும் கீழ்த்தெரு ஆட்களும் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு பாய் அகலம். நடுவில் சாக்கைக் கிழித்துத் திரை கட்டியிருக்கிறார்கள். என் திரைக்கு அந்தப் பக்கம் தையல்காரி. அவள் மெஷினைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று எல்லாருக்கும் கடிதம் எழுதிக் கொடுக்கிறாள்.

உன் அம்மாவைப் பற்றி வெள்ள நிவாரண அதிகாரி உனக்குத் தகவல் சொல்லியிருப்பார். ரயில் பாதை மேட்டில் அடக்கம் செய்தோம், மற்றவர்களோடு சேர்த்துத்தான். பலகையில் பெயர் எழுதியிருக்கிறது. சரியாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. படித்தவர்கள் சரி என்றார்கள்.

நான் எழுதச் சொன்னது வேறு விஷயத்துக்கு. ரேடியோவில் உன் குரல் வரவில்லை. உனக்குப் பதிலாக சோப்பு விளம்பரம் வாசிப்பாரே, அவர் வருகிறார். டாக்டர் வரும் நேரத்தையும் சோப்பு விற்கிற மாதிரியே சொல்கிறார். வாந்திபேதி என்கிற சொல்லை அவர் சொன்னால் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஜனம் ரேடியோவை நிறுத்திவிட்டு, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று லாரிக்காரரையே கேட்கிறது. அவருக்கும் தெரிவதில்லை.

நீ எப்போது வாசிப்பாய்?

இதைத் தண்ணீர் லாரி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். புதனும் ஞாயிறும் மலைப்பாதை சுற்றி உங்கள் பக்கம் போய் வருகிறார். நல்ல மனுஷன். ஆனால் எல்லாருடைய கடிதத்தையும் இருக்கைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறார். கசங்கியிருந்தால் அதனால்தான்.

மாமா


நவம்பர் 17, ஞாயிறு
அச்சகம்

மாமா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் இருப்பது தெரிந்தது.

நான் இப்போது வாசிப்பதில்லை. கீழே அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மாடிக்குப் போகும் படிக்கட்டு என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அங்கே யாருக்கும் இது முழுதாகத் தெரிந்திருக்காது.

முதல் வெள்ளத்துக்குப் பிறகு நம் தெருவே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்ததல்லவா. வியாழக்கிழமை சாயங்காலம் அதிகாரி அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. நான் அதை அப்படியே வாசித்தேன். "பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பவர்களின் கவனத்துக்கு. நாளை காலை பெரிய சாலை முக்குக்கு லாரிகள் வரும். அனைவரும் கிட்டங்கிக்கு மாற வேண்டும். நாளை சாயங்காலம் அணையைத் திறக்கிறார்கள்." தாளில் நாளை என்று இருந்தது. நானும் நாளை என்றேன். அன்று அது சரி.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஜெனரேட்டருக்கு டீசல் போதாது என்பதால் சாயங்காலம் வாசிப்பதை டேப்பில் எடுத்துவைத்து, மறுநாள் காலையில் அதையே போடுவோம். காய்கறி விலை, காணாமல் போன ஆடு, மின்சாரம் நிற்கும் நேரம், எல்லாம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் குறை சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைக் காலையிலும் டேப் ஓடியது. நான் இங்கே என் அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் என் குரல் "நாளை காலை லாரி வரும்" என்று சொன்னது. கேட்டவர்களுக்கு அது சனிக்கிழமை. லாரி வந்தது வெள்ளிக்கிழமை. தண்ணீர் வந்ததும் வெள்ளிக்கிழமை.

நான் கேட்பது இதுதான். அம்மா எந்த அறிவிப்பைக் கேட்டாள்? வியாழன் சாயங்காலத்தையா, வெள்ளிக் காலையையா? இல்லை, எதையுமே கேட்கவில்லையா?

அவள் கால் வலியால் நடக்க முடியாமல் தங்கியிருக்கலாம். யாராவது நோயாளிக்குத் துணையாக இருந்திருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


நவம்பர் 20, புதன்
கிட்டங்கி

அம்மாடி,

கடிதத்தைத் தையல்காரி இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். முதல் தடவை நான் கேட்காத மாதிரி இருந்தேனாம்.

இங்கே கிணற்றுத் தண்ணீர் சரியில்லை. இந்தக் கிட்டங்கியில் முன்னே உரமூட்டை அடுக்கியிருந்தார்கள் என்று உனக்குத் தெரியும். கிணறு அதற்குப் பின்னால்தான். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், லாரித் தண்ணீரையும் மாத்திரை போட்டுக் குடியுங்கள் என்று நர்ஸம்மா தொண்டை வறளச் சொல்கிறார். அதையே ரேடியோவிலும் சொல்லச் சொல்லி எழுதிக் கொடுத்தாராம். சொன்னார்கள். ஆனால் நம் ஆட்கள் ரேடியோ எது சொன்னாலும், "ரேடியோவா? அது சொன்னதைக் கேட்டுத்தானே அங்க உக்காந்திருந்தாங்க" என்கிறார்கள். தண்ணீர் லாரி நாளைக்கு வரும் என்று சோப்புக்காரர் சொன்னால், "எந்த நாளைக்கு?" என்று ஒருவர் கேட்கிறார். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பு மாதிரி ஒன்று.

கொல்லரை உனக்கு நினைவிருக்கும். நம் தெருவில் மூன்றாவது வீடு, காலை நேரத்துக்கு ஒரு படி பால், குழந்தை பிறந்த பிறகு ஒன்றரை. அவருடைய மனைவியும் பள்ளிக்கூடத்தில் போனவள்தான். "அந்தப் பொண்ணு குரல் இங்க ஒரு தடவை கேட்கட்டும், பெட்டியைச் சம்மட்டியால அடிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சம்மட்டி அவரிடம் இல்லை, அது ஆற்றில் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறார். உன்னிடம் மறைக்கக் கூடாது என்று இதை எழுதச் சொன்னேன்.

உன் அம்மா அந்த ரேடியோவை எப்படி வாங்கினாள் என்று உனக்குச் சொன்னேனா? நீ வேலைக்குச் சேர்ந்த வாரம் என்னை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் பெரிய பெட்டியைக் காட்டினார், பாட்டு நன்றாகக் கேட்கும் என்றார். "பாட்டு யாருக்கு வேணும், பேச்சு தெளிவா கேட்குமா?" என்று கேட்டாள். பேசுகிற நிலையம் எதையாவது வைத்துக் காட்டச் சொன்னாள். கடைக்காரர் முள்ளைத் திருகினார், நீ ஊருக்குள் நாய்க்கடி ஊசி போடும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாய். "இதுதான், கட்டுங்க" என்றாள். அதன் பிறகு தினமும் நீ வணக்கம் சொன்னால் இவளும், "வணக்கம்டி வாயாடி" என்பாள். பள்ளிக்கூடத்தில் இருந்தபோதும் அப்படித்தான். கூடம் முழுக்கச் சிரிக்கும். சின்ன வயதில் தூக்கத்திலும் பேசுவாய் என்று உனக்கு அவள் வைத்த பெயர் அது. நான் அந்தப் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டதில்லை, அது அவளுடையது.

நீ கேட்டதற்கு: அன்றைக்குக் காலையில் மழை பலம். பள்ளிக்கூடத்தின் தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் ரேடியோ யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அவள் கேட்டிருக்க மாட்டாள்.

நீ வாசிக்க வா. சோப்புக்காரர் வேண்டாம்.

மாமா


நவம்பர் 24, ஞாயிறு
அச்சகம்

மாமா,

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நான் படித்தேன். என் அம்மா அங்கே ஆயாவாக இருந்தாள். விடுமுறை நாளில் அவளோடு மொட்டை மாடியைப் பெருக்கியிருக்கிறேன். பெருக்கக்கூடிய கூரை தகரக் கூரை இல்லை.

நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கத் தோன்றியது. ஆனால் கொல்லர் வீட்டுக்குக் குழந்தை பிறந்த பிறகு ஒன்றரைப் படி என்பது உங்களுக்கு நினைவிருக்கிறது. அந்தக் குழந்தைக்கு இப்போது பள்ளி முடிக்கும் வயது. உங்களுக்கு மறதி வராது. அப்படியென்றால் நீங்கள் மறைக்கிறீர்கள். நீங்கள் மறைப்பதால் எனக்குப் பதில் பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதி தெரியாமல் இருப்பது இன்னும் மோசம்.

இன்னொன்றும் கேட்கிறேன். லாரியில் ஏறியவர்களில் நீங்கள் இருந்தீர்கள், அவள் இல்லை. இருவரும் ஒரே கூடத்தில், ஒரே ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். இது எப்படி?

நான் சண்டைக்குக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வருமா என்று பார்த்தேன், வரவில்லை. ஈய எழுத்துகளை எடுக்கிறேன், அடுக்குகிறேன், கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், எதையும் படிக்காமலே கோக்கிறேன். முந்தாநாள் ஒரு திறப்பு விழா அழைப்பிதழில் தேதியை விட்டுவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டுத் தானே சேர்த்துக்கொண்டார்.

வாசிக்க வா என்கிறீர்கள். அந்த ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்கு முன்னால், என் வாயால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். பதில் இல்லையென்றால் இனி எழுத வேண்டாம். ஓட்டுநரிடம் நான்கு பேட்டரி கொடுத்திருக்கிறேன். அது கூடத்துக்கு.

உங்கள் மருமகள்


டிசம்பர் 4, புதன்
கிட்டங்கி

அம்மாடி,

ஒரு புதனையும் ஒரு ஞாயிறையும் விட்டுவிட்டேன். பேட்டரி வந்தது.

கணக்குப்பிள்ளை போய்விட்டார். கிணற்றுத் தண்ணீர்தான். படித்தவர், நர்ஸம்மா சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டவர். "மாத்திரை போட்டா தண்ணி நாறுது, நான் என்ன துணியா துவைக்கிறேன்?" என்று சொல்லிவிட்டுக் கிணற்றுக்கே போவார். இரண்டு வெள்ளத்திலும் தப்பித்தவர். கொல்லருடைய மகளும் படுத்திருக்கிறாள். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

கணக்குப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த பிறகு, உனக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்காதே. சொல்கிறேன்.

நாங்கள் பேட்டரியை மிச்சம் பிடித்தோம். பள்ளிக்கூடத்தில் இருந்தது உன் அம்மாவின் பெட்டி ஒன்றுதான். சாயங்காலமும் காலையும் ஒரே சேதிதானே வருகிறது, ஒரு வேளை கேட்டால் போதும் என்று கூடத்தில் பேசி முடிவு செய்தோம். காலையில் மட்டும் போடுவது என்று. நீங்கள் டீசலை மிச்சம் பிடித்தீர்கள், நாங்கள் பேட்டரியை. அதனால் வியாழன் சாயங்காலம் நீ சொன்னதை யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக் காலையில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். மழை இல்லை. நன்றாகக் கேட்டது. நாளைக்கு லாரி என்றாய். சரி, இன்றைக்கு ஈரத் துணியைக் காயப்போடலாம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

சேதி முடிந்த பிறகும் உன் அம்மா பெட்டியை நிறுத்தவில்லை. நீ கடைசியில் நன்றி சொல்வாயே, அதையும் கேட்க வேண்டும் அவளுக்கு. நான் சத்தம் போட்டேன். "பேட்டரி என்ன உன் அப்பன் வீட்டுதா?" என்றேன். "ஆமா, உன் அப்பன் வீட்டுதும்தான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்து, செவலையைத் தேடிப் போகிறேன் என்று முழங்கால் தண்ணீரில் இறங்கி, பெரிய சாலை முக்குக்கு நடந்தேன். அங்கே லாரி நின்றுகொண்டிருந்தது.

"நாளைக்குத்தானே வரணும் நீங்க?" என்று ஓட்டுநரைக் கேட்டேன். "நாளைக்கு எவன் வருவான்? சாயங்காலம் அணையைத் திறக்கிறாங்க. ஆளுங்களைக் கூப்பிடும்யா, சீக்கிரம்" என்றார்.

நான் திரும்பிப் போய்ச் சொன்னேன். சிலர் உடனே மூட்டையைத் தூக்கினார்கள். தையல்காரி அப்படி வந்தவள்தான். கொல்லரும் மகளும் வந்தார்கள், அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் வருகிறேன் என்றாள். பாதிப் பேர் வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ரேடியோ ஒன்று சொல்கிறது, முழங்கால் வரை சேறோடு வந்த பால்காரன் ஒன்று சொல்கிறான். அதுவும் ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே போனவன்.

உன் அம்மா சொன்னதை அவள் சொன்னபடியே சொல்கிறேன். "அண்ணே, என் பொண்ணு நாளைக்குன்னு சொல்லியிருக்கா. அவ கையில தாளை வெச்சுக்கிட்டு வாசிக்கிறா. லாரிக்காரன் அவன் அவசரத்துக்கு எதையாவது சொல்லுவான். நீ போய் எனக்கு ஜன்னல் ஓரமா இடம் பிடி, நான் பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டு நாளைக்கு எல்லாரோடயும் வர்றேன்." சாவிக்கொத்து இடுப்பில் இருந்தது. நான் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள். லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் போனேன்.

இதுதான். நீ சொன்னதைக் கேட்டாள். நீ சொன்னதை நம்பினாள். உன்னைப் பற்றிக் கோபமாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சொல்ல அவளுக்குக் காரணமும் தெரிந்திருக்காது. இதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் என்ன செய்கிறேன் என்றால், காலையில் எழுந்து பாயைச் சுருட்டுகிறேன். தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறேன்.

தையல்காரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இதை எழுதமாட்டேன், பாவம் அந்தப் பெண் என்றாள். எழுது என்றேன். எழுதிவிட்டு, நீங்கள் பொய்யையே சொல்லியிருக்கலாம் என்றாள். சொன்னேன், தகரக் கூரையில் மாட்டிக்கொண்டேன் என்றேன். அவள் சிரித்தாள். அழுகை வரவில்லை. இங்கே யாருக்கும் எதுவும் சீக்கிரம் வருவதில்லை.

கடிதம் எழுதுவது தெரிந்து கொல்லர் வந்தார். மகளுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஆள் பாதியாகிவிட்டார். "ரேடியோக்காரிக்குத்தானே? அவளைக் கிழமையைச் சொல்லச் சொல்லுங்க. நாளைக்கு, நாளன்னைக்கு எதுவும் வேணாம். கிழமை" என்றார். அதையும் போடச் சொன்னேன், போட்டாள்.

மாமா


டிசம்பர் 15, ஞாயிறு
அச்சகம், மாடி

மாமா,

உங்கள் கடிதத்தை வாங்கிய அன்று அதை எழுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு வேலையை முடித்தேன். மறுநாளும். பிறகு ஒரு நாள் எடுத்துப் படித்தேன்.

நீங்கள் ஜன்னல் ஓரமாக இடம் பிடித்தீர்களா என்று யோசித்தேன். லாரியில் ஜன்னல் ஏது? அவள் அதைத் தெரிந்துதான் சொல்லியிருப்பாள். உங்களைச் சமாதானப்படுத்த.

எனக்கும் அழுகை வரவில்லை. மாடிக்கு ஏறினேன். முதலாளியிடம் கொல்லர் சொன்னதைச் சொன்னேன். இனிமேல் எந்த அறிவிப்பிலும் இன்று, நாளை கூடாது, கிழமையும் தேதியும் சொல்ல வேண்டும், அதிகாரியின் தாளில் நாளை என்று இருந்தால் கேட்டுத் திருத்திய பிறகுதான் வாசிக்க வேண்டும், டேப் போட்டால் இது எந்தக் கிழமை எடுத்த டேப் என்று முதலிலேயே சொல்ல வேண்டும் என்றேன். "இவ்வளவுதானே, செஞ்சிடலாம்மா" என்றார். வெள்ளிக்கிழமைக் காலையில் நடந்ததை நான் ஒலிபரப்பிலேயே சொல்லப் போகிறேன் என்றேன். "நிலையத்துக்குக் கெட்ட பேர் வரும். விளம்பரம் வராது. விளம்பரம் வராம டீசல் எங்கேயிருந்து வரும்?" என்றார். நியாயமான கேள்விதான். "கெட்ட பேர் ஏற்கெனவே கிட்டங்கி வரைக்கும் போயாச்சு, நமக்குத்தான் இன்னும் வந்து சேரல" என்றேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மாடிச் சாவியைக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை, டிசம்பர் 17, காலையில் வாசிக்கிறேன். டேப் இல்லை. முதலில் நடந்ததைச் சொல்வேன், பிறகு தண்ணீரைப் பற்றி நர்ஸம்மா எழுதிக் கொடுத்ததைச் சொல்வேன். மாத்திரை போட்டால் ஏன் நாறுகிறது, எவ்வளவு நேரம் மூடாமல் வைத்தால் அந்த நாற்றம் போகும் என்று அவரிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறேன். கணக்குப்பிள்ளை கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால்தான்.

கொல்லர் பெட்டியை உடைத்தால் உடைக்கட்டும். அது அவருடைய நியாயம். ஆனால் தண்ணீர்ப் பகுதி முடிந்த பிறகு உடைக்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒரு வேலை. நம் தெரு ஆட்களைத் தேடி மற்ற ஊர்களிலிருந்து சொந்தக்காரர்கள் எழுதுகிறார்கள். அதிகாரியின் பதிவேட்டில் அட்டை எண்தான் இருக்கிறது, தெரு இல்லை, வீடு இல்லை. நம் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லுங்கள். இருப்பவர்கள் மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 22, காலையில் வாசிக்கிறேன்.

உங்கள் மருமகள்


டிசம்பர் 18, புதன்
கிட்டங்கி

அம்மாடி,

நேற்றுக் காலையில், அதாவது செவ்வாய்க்கிழமை, நீ வாசித்ததைக் கேட்டோம். பேட்டரியை யாரும் மிச்சம் பிடிக்கவில்லை.

நீ வணக்கம் சொன்னாய். பதில் சொல்கிறவள் இல்லை. கூடம் முழுக்க அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு இருந்தது.

பிறகு, "இன்று செவ்வாய்க்கிழமை, டிசம்பர் பதினேழு, இது டேப் இல்லை" என்றாய். வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னாய். "என் அம்மாவும் அதைக் கேட்டவர்களில் ஒருத்தி" என்று சொன்னபோது உன் குரல் நாய்க்கடி ஊசி போடும் இடத்தைச் சொன்ன மாதிரியே இருந்தது. கீழ்த்தெருப் பெண் ஒருத்தி, "கல்லு மனசு பாரு" என்றாள். தையல்காரி, "வாயை மூடு. கல்லுதான் இப்ப எல்லாருக்கும்" என்றாள்.

அப்போது கொல்லர் எழுந்தார். எல்லாரும் வழி விட்டார்கள். பெட்டியிடம் வந்து நின்றார். நான் தடுக்கவில்லை, நீ சொல்லியிருந்தாய். பெட்டி கரகரத்துக்கொண்டிருந்தது. அதன் கம்பியை விரலால் பிடித்தால்தான் பேச்சு தெளிவாக வரும். அவர் அதைப் பிடித்தார். நீ தண்ணீரைப் பற்றிச் சொல்லி முடிக்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றார். முடிந்ததும், "கால் மணி நேரம் மூடாம வெச்சா நாத்தம் போயிடுமாம்" என்று மகளிடம் போய்ச் சொன்னார். அவள் கேட்டிருப்பாள், பெட்டி அவள் தலைமாட்டில்தான் இருந்தது. ஆனாலும் சொன்னார். இன்று கிணற்றடியில் ஆள் குறைவு. இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன்.

இனி நீ கேட்டது. நான் பால் ஊற்றின வரிசையிலேயே சொல்கிறேன், எனக்கு அப்படித்தான் வரும். இருப்பவர்கள் மட்டும் போதும் என்றாய், அப்படியே.

ஆற்றுப் பக்கத்து முதல் வீடு, துணிக்கடைக்காரர் வீடு. யாரும் இல்லை. ஆனால் இல்லாத வீட்டையும் நீ வாசிக்க வேண்டும். தேடுகிறவர்கள் காத்திருக்கக் கூடாது. அடுத்தது மூக்குப்பொடியார் வீடு. மூத்த மருமகள் இருக்கிறாள், கைக்குழந்தையோடு. மூன்றாவது வீடு, கொல்லர், அவர் மகள். மகள் எழுந்து உட்காருகிறாள். நான்காவது, கணக்குப்பிள்ளை வீடு. மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஒரு ஆள் சொல்லியிருப்பேன். ஐந்தாவது வீட்டு இரட்டையர்களில் மூத்தவன். எந்த இரட்டை என்று கேட்பார்கள், நெற்றியில் தழும்பு உள்ளவன் என்று சொல்.

அதற்கு எதிரே தையல்காரி. "என்னை எதுக்கு, எனக்குத் தேட யாரு இருக்கா?" என்கிறாள். நான் எழுது என்கிறேன். முறைத்துக்கொண்டு எழுதுகிறாள். அதற்கு அடுத்தது சைக்கிள் கடை, கணவன், மனைவி இரண்டு பேரும். தெருவில் முழுசாக வந்த வீடு அது ஒன்றுதான். அதனால் அவர்கள் யாரிடமும் பேசக் கூச்சப்படுகிறார்கள். அடுத்தது தபால்காரர் வீடு. யாரும் இல்லை. அவர் வீட்டு நாய் இருக்கிறது, கிட்டங்கி வாசலில்தான் படுத்திருக்கிறது. அதை வாசிப்பதும் வாசிக்காததும் உன் இஷ்டம். திருப்பத்தில் என் வீடு. பால்காரர் என்று போட்டுக்கொள்.

திருப்பத்தைத் தாண்டினால் கடைசி வீடு, பள்ளிக்கூட ஆயா வீடு. காலையில் முக்கால் படி. மகள் ஊரில் இருந்தால் ஒரு படி. அந்த வீட்டில் யாரும் இல்லை என்று நீ வாசித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அப்படி வாசிக்காதே. தையல்காரி கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாள், இதை உள்ளபடி வாசி.

கடைசி வீட்டில் இருப்பது, வாயாடி.